கலைந்துபோன கிறிஸ்தவ மெட்டல் குழு மீண்டும் அல்பம் செய்வது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் மெட்டல் (கனத்த ரொக் இசை) குழு கடைசியாக ஒன்றுசேர்ந்து வாசித்தது 2006 ஆம் ஆண்டின் முற்பகுதியில், உவர்மலையில் ஒரு வீட்டின் பின்னறையில். அதன் பின்னர் போர் மீண்டும் மூண்டது. ட்ரம்ஸ் வாசித்தவர் ரொறன்ரோவுக்கும், முதன்மைக் கிற்றார் வாசித்தவர் பாரிஸுக்கும் போய்ச் சேர்ந்தனர்; இரண்டாவது கிற்றார் வாசித்த அண்ணன் சில ஆண்டுகளில் காலமானார்; பாடகரும் பாஸ் கிற்றார் வாசிக்கும் நானும் மட்டும் திருகோணமலையில் எஞ்சினோம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து நாங்கள் ஓர் அல்பத்தைச் செய்யத் தொடங்கியபோது பணத்தைவிட நேரமே அதிகம் வீணாயிற்று. அந்த நேரத்தின் பெரும்பகுதி, 2006 இல் எங்களிடம் இருந்த ஒலியை அப்படியே மீண்டும் உண்டாக்கிவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் கரைந்தது. இன்று இருக்கும் குரலையும் கைகால்களையும் வைத்துப் பதிவுசெய்யத் துணிந்த பின்னரே வேலை நகர்ந்தது. இதே நிலையில் இருக்கும் குழுவினருக்குப் பயன்படும் என்று எண்ணி, வேலையின் ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

எதை மீட்பது என்ற முடிவு

நமக்கு முன்னர் இவ்வழியில் நடந்த குழுக்களை முதலில் ஊன்றிக் கேட்க வேண்டும். 1980களில் மஞ்சளும் கறுப்புமான கோடுபோட்ட உடையுடன் மேடையேறி, கூட்டத்தை நோக்கிப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வீசிய அமெரிக்கக் குழுவான ஸ்ட்ரைப்பர், 1990 இல் ஓர் அல்பத்தை வெளியிட்டது. 1992 இல் பாடகர் மைக்கேல் ஸ்வீட் விலகினார். 2003 இல் மீண்டும் ஒன்றுகூடி, 2005 இல் ‘ரீபோர்ன்’ என்ற அல்பத்துடன் திரும்பியது. பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த அந்த அல்பம் பழைய பளபளப்பான ஒலியைத் தேடிப் போகாமல், கிற்றார்களைத் தாழ்த்தி, தன் காலத்தின் கனத்த ஒலியை எடுத்துக்கொண்டது. அதே குழு 2013 இல் ‘செக்கண்ட் கமிங்’ என்ற பெயரில் தன் தொடக்ககாலப் பாடல்கள் பதினான்கை மீளப் பதிவுசெய்து, இரண்டு புதிய பாடல்களையும் சேர்த்தது. புதிதாக எழுதுவதும் பழையதை மீண்டும் வாசிப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை இந்த இரண்டு அல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் விளங்கிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே அல்பத்தில் திணிக்காமல் அவர்கள் எட்டு ஆண்டு இடைவெளி விட்டுச் செய்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

பென்சில்வேனியாவின் பிலீவர் குழு 1993 இல் வெளியிட்ட அல்பத்துக்குப் பின் பதினாறு ஆண்டுகள் கழித்து, 2009 இல் ‘கேப்ரியல்’ அல்பத்துடன் வந்தது. பழைய உறுப்பினர்களில் இருவர் அதில் இருந்தனர். நோர்வேயின் எக்ஸ்டோல், 2005 அல்பத்துக்குப் பின் ஓய்ந்து, 2013 இல் மூவராகத் திரும்பித் தன் பெயரையே அல்பத்துக்கு வைத்தது. எல்லோரும் திரும்பி வந்தால்தான் குழு என்று காத்திருப்பவர்கள் இந்த இரண்டு உதாரணங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதை முதல் மாதத்திலேயே தெளிவாகக் கேட்டுவிடுவது நல்லது. ‘பார்ப்போம்’ என்ற பதிலை ‘இல்லை’ என்றே எழுதிக்கொள்ளுங்கள்; பின்னர் அவர் வந்தால் மகிழ்ச்சி.

எங்கள் முடிவு ஏழு புதிய பாடல்களும் இரண்டு பழைய பாடல்களும் என்பதாக இருந்தது. பழையவற்றில் எவற்றைத் தேர்வது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. பாடகர் அந்தப் பாடலின் வரிகளைத் தாளைப் பாராமல், இசையில்லாமல், ஓர் ஆளிடம் பேசுவதுபோலச் சொல்லிப் பார்க்க வேண்டும். இருபது வயதில் எழுதிய வரியைச் சொல்ல நாற்பத்தைந்து வயதில் வாய் கூசினால், அப்பாடலின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிற்றார் சொற்றொடர்) எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும். எங்களிடம் இருந்த பதினொரு பழைய பாடல்களில் ஒன்பது இந்தச் சோதனையிலேயே விழுந்தன.

பழைய ஒலிநாடாக்கள்

பழைய பாடல்களுக்கு எழுத்துப் பிரதி இருக்காது. ஒத்திகையில் பதிந்த கசெற் நாடாக்களே இருக்கும். திருகோணமலையின் கடற்காற்றிலும் வாடைக்கால ஈரத்திலும் கிடந்த நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்திருக்கலாம். அதை உடனே ஓடவிட வேண்டாம். உலர்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய டப்பாவில் சில நாட்கள் வைத்து, கசெற்றின் வெளி ஓட்டைத் திறந்து பூஞ்சணத்தை மெதுவாகத் துடைத்து, தேவையானால் நாடாவைப் புதிய ஓட்டுக்கு மாற்றிய பின்னரே ஓடவிட வேண்டும். கருவியின் தலைப்பகுதியை ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைப்பதுடன், தலையின் சாய்வைத் திருத்தும் சிறிய திருகாணியை, சிம்பலின் ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடம்வரை மிக மெல்லத் திருப்ப வேண்டும். நாடா பதியப்பட்ட கருவியின் சாய்வும் இன்று ஓடும் கருவியின் சாய்வும் ஒத்திராதபோது ஒலி கம்பளிக்குள் இருந்து வருவதுபோல மங்கும். பலர் நாடா கெட்டுவிட்டது என்று எறிந்துவிடுவது இதனாற்றான். நல்ல நிலைக்கு வந்ததும் ஒரே ஓட்டத்தில் 24 பிட் தரத்தில் கணினியில் ஏற்றிவிடுங்கள். இந்தப் பதிவு வேகத்தையும் சுருதியையும் அறிவதற்கு மட்டுமே. கசெற் கருவிகள் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடும் என்பதால், நாடாவில் கேட்கும் சுருதியை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்.

சுருதியைத் தாழ்த்துதல்

வயது கூடும்போது பாடகரின் உச்சக் குரல் குறைவது இயல்பு. இதைப் பற்றிப் பேசத் தயங்கியே நாங்கள் ஒரு மாதத்தை இழந்தோம். அவருடைய உச்சம் எங்கே நிற்கிறது என்று அறிய ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரே பாடலைப் பழைய சுருதியிலும், அரைச்சுரம், முழுச்சுரம், ஒன்றரைச்சுரம் தாழ்த்தியும் ஒவ்வொரு நாளும் பாடவைத்து, கைத்தொலைபேசியிற் பதிந்து, மறுநாட் காலையிற் கேளுங்கள். பாடிய இரவே கேட்டால் எல்லாம் நன்றாகவே இருக்கும். இரண்டாம் தடவை பாடியபோதும் உச்சச்சுரத்தில் நடுக்கமில்லாமல் நிற்கும் சுருதியே உங்கள் அல்பத்தின் சுருதி. எங்களுக்கு அது முழுச்சுரம் கீழே, அதாவது கிற்றாரின் ஆறாம் தந்தி ஈ இலிருந்து டீ க்கு இறங்கும் ட்யூனிங்காக அமைந்தது.

தந்தியைத் தாழ்த்தினால் அதன் இழுவிசையும் குறையும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பின்தொடர்வதால், அரைச்சுரம் இறக்கும்போது ஏறத்தாழ 11 வீதமும் முழுச்சுரம் இறக்கும்போது ஏறத்தாழ 20 வீதமும் தளரும். 10–46 அளவுத் தந்திகளை (மெல்லியதன் தடிப்பும் தடித்ததன் தடிப்பும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) அப்படியே விட்டு இறக்கினால், கனமாக மீட்டும்போது சுரம் முதலில் உயர்ந்து பின்னர் இறங்கும். இரண்டு கிற்றார்களும் ஒன்றுடனொன்று சேராமல் கலங்கும். 10–52 அல்லது 11–54 தந்திகளுக்கு மாறி, ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும், தந்திகளைத் தாங்கும் பாலத்திற் சரிசெய்து, கழுத்தின் உட்கம்பியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைக் கச்சான் காற்று வீசும் மாதங்களிற் செய்துவிட்டு மார்கழியிற் பதிவுக்கு உட்கார்ந்தால் எல்லாம் மாறியிருக்கும். வறண்ட காற்றில் மரம் சுருங்கி ஃப்ரெட் என்னும் குறுக்குக் கம்பிகளின் முனைகள் கையைக் கீறும். மழைக்காலத்தில் மரம் ஊதித் தந்திகள் உயர்ந்து நிற்கும். எனவே கருவியைச் சரிசெய்வதும் பதிவும் ஒரே பருவத்தில் நடக்க வேண்டும்.

வேகத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 184 பீ.பீ.எம். (நிமிடத்துக்கு 184 தாள அடி) வேகத்தில், இரு கால்களாலும் கிக் ட்ரம்மை அடிக்கும் டபுள் பெடலைப் பதினாறாம் சுரங்களாக, அதாவது ஒரு தாள அடிக்கு நான்காக, மிதிப்பவர் வினாடிக்குப் பன்னிரண்டு அடிக்கு மேல் மிதிக்கிறார். அதை 172 க்கு இறக்கினால் வினாடிக்குப் பதினொன்றரை அடியளவாகும். வித்தியாசம் காதுக்குச் சிறியது, கணுக்காலுக்குப் பெரியது. வேகம் குறையும்போது பாடகருக்குச் சொற்களை உச்சரிக்க இடம் கிடைப்பது இன்னொரு ஆதாயம்.

தமிழ் வரிகளை எழுதுதல்

இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் பாடலைத் தமிழில் ஆக்கிப் பாடும் குழுக்கள் பலவற்றின் குறை, வரியின் ஈற்றில் இயைபைத் தேடி ஓடுவதே ஆகும். தமிழ்ச் செய்யுளின் பலம் அடியின் முகப்பில், இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகையில் இருக்கிறது. மெட்டல் ரிஃப்பின் முதல் அடியும் அங்கேயே விழுகிறது. ‘கல்லறை மூடிக் காவல் வைத்தார் / சொல்லிய மூன்றாம் நாளில் எழுந்தார்’ என்று எழுதினால், ‘கல்ல’, ‘சொல்லி’ என்ற இரு முகப்புகளும் ட்ரம்ஸின் முதல் அடியோடு மோதிக் கேட்பவரின் காதில் வரியைப் பிடித்துவைக்கும். ஈற்றில் இயைபு இல்லாவிட்டாலும் குறை தெரியாது.

வல்லெழுத்து இரட்டிக்கும் சொற்கள், ‘உடைத்து’, ‘வெட்டி’, ‘கொக்கரித்து’ போன்றவை, பாம் மியூட் செய்த (உள்ளங்கையால் தந்தியை அடக்கி மீட்டிய) கிற்றாரோடு இயல்பாக ஒட்டும். மெல்லினமும் இடையினமும் நீளும் சுரங்களுக்கு ஏற்றவை. ‘எழுந்து’, ‘உடைத்து’ என்பவற்றின் ஈற்று உகரம் குற்றியலுகரமாகையால் அரை மாத்திரையே ஒலிக்கும். அதைப் பிடித்து ‘எழுந்தூஊ’ என்று இழுப்பது காதுக்கும் இலக்கணத்துக்கும் ஒவ்வாது. அத்தகைய சொற்களைக் கிற்றார் சட்டென நிற்கும் இடத்தில் வையுங்கள். கதறிப் பாடும்போது ழகரம் ளகரமாகிவிடும் என்பதையும் கவனத்திற் கொள்ளவேண்டும். வரியின் பொருள் ழகரத்திலேயே தங்கியிருந்தால், அவ்வரியைத் தெளிந்த குரலுக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் கலந்திருக்கும் குழுவாயின் ‘கர்த்தர்’ என்பதா ‘ஆண்டவர்’ என்பதா என்ற கேள்வி முதல் ஒத்திகையிலேயே எழும். சீர்திருத்தச் சபையினருக்குச் சங்கீதம் என்பது கத்தோலிக்கருக்குத் திருப்பாடல். இருவரும் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்புகளும் வேறு. இதைச் சமரசப் பிரச்சினையாகப் பார்க்காமல் ஒலியின் பிரச்சினையாகப் பார்த்தபோது எங்களுக்கு எளிதாயிற்று. இருபத்திரண்டாம் சங்கீதம் பழைய மொழிபெயர்ப்பில் ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று தொடங்குகிறது. 1995 இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் ‘என் இறைவா, என் இறைவா’ என்று வருகிறது. ‘தேவனே’ என்பதன் ஏகார ஈறு உயர்ந்த தெளிந்த குரலில் நீண்டு நிற்கும். ‘இறைவா’ என்பதன் ஆகாரம் வாயை முழுதாகத் திறக்கவைப்பதால் கதறலுக்குப் பொருந்தும். நாங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டோம்: முதற் சரணத்தில் ஒன்று, முடிவில் மற்றது. என் அம்மா கேட்டுவிட்டு, இரண்டு கோயிலுக்கும் நல்ல பிள்ளையாக நடந்திருக்கிறீர்கள் என்றார்.

நம்பிக்கையைப் பாடும் வரிகள் பிரசங்கமாக மாறிவிடாமற் பார்த்துக்கொள்வதும் முக்கியம். எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. வேதாகமமே அப்படி ஒரு பாடலை முடிக்க அனுமதிக்கும்போது, ஒவ்வொரு பாடலின் கடைசிச் சரணத்திலும் வெற்றி முழக்கத்தை ஒட்டவைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. 2004 மார்கழி 26 ஆழிப்பேரலையையும் போரையும் கடந்து வந்த ஊரில் இருந்து பாடுகிறோம். புலம்பலுக்கு இங்கே இடம் கேட்கத் தேவையில்லை. கத்தோலிக்க மரபில் தவக்காலப் புலம்பல்களும், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தின் நடையும் இன்னும் முதியவர்களின் நாவில் இருக்கின்றன. அவர்களில் ஒருவரை அழைத்து, இசையின்றி ஒரு நிமிடம் பாடவைத்துப் பாடலின் தொடக்கமாக வைத்தால், எந்த சின்தசைசரும் தரமுடியாத கனம் கிடைக்கும்.

ராகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெட்டல் கிற்றார் வாசிப்பவர்கள் பிரிஜியன் என்று அழைக்கும் சுரவரிசை நமது தோடியினுடையது; பிரிஜியன் டொமினன்ற் என்பது வகுளாபரணம்; அதன் நிஷாதத்தை அரைச்சுரம் உயர்த்தினால் மாயாமாளவகௌளை. டீ சுருதியில் வகுளாபரண ரிஃப் மிக இயல்பாக விழும். மாயாமாளவகௌளையில் மெதுவான ரிஃப் எழுதினால் மட்டும் சரளிவரிசை கற்ற எல்லோருக்கும் சங்கீத வகுப்பின் முதல் நாள் நினைவுக்கு வந்துவிடும். வேகத்தைக் கூட்டினாற்றான் அது மறையும்.

கதறல் குரலைப் பயன்படுத்துபவர் தொண்டையை நெரித்துக் கத்தலாகாது. வயிற்றிலிருந்து எழும் காற்றின் ஆதரவோடு, குரல்நாண்களுக்கு மேலுள்ள மடிப்புகளை அதிரவைப்பதே முறை. வலித்தால் அன்றைய பதிவை நிறுத்திவிடுங்கள். குரல் கம்மல் மூன்று வாரங்களைத் தாண்டினால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டாமல் மீண்டும் ஒலிவாங்கியின் முன் நிற்க வேண்டாம்.

மூன்று ஊர்களில் ஒரு பாடல்

இணையத்தின் தாமதம் காரணமாக ரொறன்ரோவும் திருகோணமலையும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒருவர் பதிந்ததன்மேல் மற்றவர் பதிவதே வழி. அதற்கு முதலில் தாள அடியைக் காட்டும் ஒரு கிளிக் ட்ராக்கும், வேகம் மாறும் இடங்களைக் குறித்த வரைபடமும், கைத்தொலைபேசியிற் பாடிய வழிகாட்டிக் குரலும் தயாராக வேண்டும். கிளிக்கை ஒரே வேகத்தில் வைத்தால் பாடல் இயந்திரமாகும்; பல்லவியில் இரண்டு பீ.பீ.எம். கூட்டி, புலம்பற் பகுதியில் நான்கு குறைத்துப் பாருங்கள், மூச்சு வரும்.

ட்ரம்ஸ் பதிவு முதலில் நடக்க வேண்டும். இரண்டு மேல் ஒலிவாங்கிகளும் ஸ்னேர் ட்ரம்மின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கும்படி ஒரு நூலால் அளந்து பொருத்துமாறு ரொறன்ரோ நண்பரிடம் சொன்னோம். ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றரே கடப்பதால், ஒரு சாண் வித்தியாசங்கூட ஸ்னேரை மெலிவாக்கிவிடும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைற் இடம் வேண்டும். பன்னிரண்டு ஒலிவாங்கிகளில் நான்கு நிமிடப் பாடலுக்கு ஒரு தடவை வாசித்தாலே 400 மெகாபைற்றைத் தாண்டும். எனவே எட்டுத் தடவை வாசித்ததை எல்லாம் அனுப்பச் சொல்லாமல், அவரே இரண்டைத் தேர்ந்து அனுப்பட்டும். எம்பீ3 கோப்பைப் பதிவின் மூலமாக ஏற்க வேண்டாம். அதன் தொடக்கத்தில் சேரும் சிறு வெற்றிடம் எல்லாவற்றையும் இடம்பெயரச் செய்யும். எல்லாத் தடங்களும் பாடலின் பூச்சியப் புள்ளியிலிருந்தே தொடங்கட்டும். கோப்பின் பெயரில் பாடல், கருவி, வேகம், திகதி நான்கும் இருக்கட்டும். ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயரிட்ட கோப்புகளால் நாங்கள் ஒரு முழுப் பாடலுக்குத் தவறான பாஸைச் சேர்த்திருந்தோம்.

கிற்றாரைப் பொறுத்தவரை அம்ப்பின் ஒலியைவிட, டி.ஐ. (கிற்றாரை நேரடியாகப் பதிவுக்கு இணைக்கும் பெட்டி) வழியாக வரும் வெறும் ஒலியைப் பதிந்து அனுப்புவதே பாதுகாப்பு. அம்ப்பின் குணத்தைப் பின்னர் தீர்மானிக்கலாம். ஒவ்வொரு ரிஃப்பையும் இருமுறை தனித்தனியே வாசித்து இடமும் வலமும் வைக்க வேண்டும். ஒரு பதிவையே நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அகலம் கிடைக்காது.

நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு: திருகோணமலையில் இரவு 8 மணி என்பது பனிக்காலத்தில் ரொறன்ரோவில் காலை 9.30, பாரிஸில் மாலை 3.30. கோடைகாலத்தில் அங்கே ஒரு மணித்தியாலம் கூடும். ஞாயிறு பூசையும் ஆராதனையும் முடிந்த பின்னரான அந்த ஒரு நேரமே மூன்று ஊர்களுக்கும் பொருந்தியது.

திருகோணமலை வீட்டில் பதிவு

நகரில் அமைதியான வீடு கிடைப்பதரிது. ஓட்டோ, கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, ஆலயமணி என்று எல்லாம் நேரத்துக்கு நேரம் வரும். இவற்றோடு சண்டையிடாமல் ஒரு நாளின் நேர அட்டவணையைக் குறித்துக்கொண்டு இடைவெளிகளில் பதியுங்கள். தகரக் கூரையின் கீழ் ஐப்பசியிலிருந்து தை வரை தெளிந்த குரலைப் பதிய முயல வேண்டாம். ட்ரம்ஸைவிட மழை பலமாகக் கேட்கும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது வீண் வேலை, அவை வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை. பாடகரின் பின்னாலும் பக்கங்களிலும் மெத்தைகளையும் தடித்த போர்வைகளையும் நிறுத்தினால் அறையின் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டியிருப்பதால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாடகருக்கு ஓய்வும் தண்ணீரும் கொடுங்கள்.

கிற்றாரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தினதும் அதன் மடங்குகளினதும் ஒலி. மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி மின்கலத்தில் ஓடவிட்டுப் பார்த்தாலே பாதி வீடுகளில் அது நின்றுவிடும். நிற்காவிட்டால் வீட்டின் புவித்தொடுப்பை ஒரு மின்னியலாளரைக் கொண்டு சோதியுங்கள். பிளக்கின் புவிக்காலைத் துண்டித்து இரைச்சலை நிறுத்தும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். இரும்புத் தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் அந்த வித்தை உயிருக்கு உலை வைக்கும். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த நிலை இப்போது இல்லாவிட்டாலும், கணினிக்கும் வன்தட்டுக்கும் ஒரு யூ.பி.எஸ். கட்டாயம் தேவை.

ஒரு விடயத்தில் நமது ஊர் பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்றைத் தருகிறது. பழைய ஆலயங்களின் உயர்ந்த கூரையும் கற்சுவரும் கொண்ட அந்த முழக்கமே அது. பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ வாரநாள் பிற்பகல் ஒன்றை முன்கூட்டியே கேட்டு, பாடகர்குழுவைப் பல்லவிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்கும்போது வரிகளை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, பாடலைப் பின்னர் போட்டுக்காட்டுவது புத்திசாலித்தனம். முதலில் பாடலைப் போட்டால் வரிகளை யாரும் வாசிக்கமாட்டார்கள். நூற்றைம்பதாம் சங்கீதம் பேரோசைக் கைத்தாளங்களையும் எக்காளத்தையும் அனுமதிக்கிறது என்ற வாதம் நல்லதுதான், எனினும் எங்களிடம் அதைவிட நன்றாகப் பலித்தது, ஆலயக் கூடத்தை நாங்களே கூட்டித் துடைத்துக் கொடுத்ததுதான்.

கலவையும் உரிமையும்

மிக்ஸிங் செய்பவரிடம் ஒரு நிபந்தனையை எழுத்தில் கொடுங்கள்: சொற்கள் கேட்க வேண்டும். கிறிஸ்தவ மெட்டலில் பொருள் கேளாவிட்டால் பாதி வேலை வீணாகும். தமிழின் வல்லெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ்வரையான பகுதியில் இருக்கிறது. கிற்றார்களும் அங்கேயே குவியும். பாடும் இடங்களில் கிற்றாரை அப்பகுதியில் இரண்டு மூன்று டெசிபெல் இறக்கினால், குரலை உயர்த்தாமலே சொற்கள் வெளிவரும். கிற்றாரின் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வெட்டிவிடுங்கள், அந்த இடம் பாஸுக்கும் கிக் ட்ரம்முக்கும் உரியது. பாஸ் வாசிப்பவன் சொல்வதால் பக்கச்சார்பு என்று நினைக்க வேண்டாம். மாஸ்டரிங்கில் (இறுதி ஒலிச் சீராக்கத்தில்) அளவுகடந்த சத்தத்தைத் துரத்துவதில் இன்று பயனில்லை. ஸ்பொற்றிஃபை தானாகவே ஏறத்தாழ −14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தின் அளவை) அளவுக்கு இறக்கிவிடும். உச்சம் −1 டெசிபெல்லைத் தாண்டாதிருந்தால் போதும்.

வெளியிடுவதற்கு முன் உரிமையை எழுதி முடிக்க வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை ஆக்கியவரின் வாழ்நாளும் அதன் பின் எழுபது ஆண்டுகளும் நீடிக்கும். சேர்ந்து ஆக்கியதாயின் கடைசியாக உயிரோடிருந்தவரின் மறைவிலிருந்து அந்த எழுபது ஆண்டுகள் கணக்கிடப்படும். எங்கள் இரண்டு பழைய பாடல்களின் ரிஃப்புகள் காலமான அண்ணனுடையவை. அவருடைய மனைவியிடம் நாங்கள் இருவரும் நேரிற் போனோம். மச்சாள் தேநீர் தந்து, முழுவதையும் கேட்டு, பணத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், அவருடைய பெயர் முதலில் வரவேண்டும் என்று மட்டும் சொன்னார். பங்கு வீதத்தையும் அந்தப் பெயர் ஒழுங்கையும் ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிட்டோம். பழைய நட்பை நம்பி இந்தத் தாளை விட்டுவிடுபவர்கள், முதல் நூறு டொலர் வந்ததும் வருந்துவார்கள்.

இணைய விநியோகத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விநியோகச் சேவை ஒன்றில் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்னரே பாடல்களை ஏற்றிவிடுங்கள்; தமிழ்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒருவர் மட்டும் பொறுப்பெடுத்து எல்லா இடத்திலும் ஒன்றாக வைத்துக்கொள்ளட்டும். ஊரில் இறுவட்டு வாங்கினாலும் போட்டுக் கேட்கக் கருவி உள்ள வீடுகள் குறைவு. பென் டிரைவில் பாடல்களையும் வரிகளையும் இட்டுக் கொடுத்தது எங்களுக்கு அதைவிட நன்றாக விற்றது. வெளியீட்டு நிகழ்ச்சியைத் தவக்காலத்தில் வைக்காதீர்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்து, இரவு 10 மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நாளை ஒதுக்கி எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு தடத்தையும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வேவ் கோப்பாக, பாடலின் தொடக்கம் முதல் முடிவு வரை, வெறும் ஒலியாகவும் கலவைக்குப் பின்னரான ஒலியாகவும் எடுத்து, அவற்றோடு சுருதி, வேகம், தந்தியின் அளவு, வரிகள் ஆகியவற்றை எழுதிய ஒரு கோப்பையும் சேர்க்க வேண்டும். ஒரு பிரதி ரொறன்ரோவில், ஒன்று பாரிஸில், ஒன்று திருகோணமலையில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை வன்தட்டைச் செருகித் திறந்து பாருங்கள்; நாங்கள் அதற்கு உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாளைக் குறித்துவைத்திருக்கிறோம்.